ஈரக் காலையில் ஒரு டிராக்டர்

எங்கள் டிராக்டர் எங்கள் கல்யாணத்தைவிட வயதில் மூத்தது. சாஆ என்ற சிற்றூருக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்சாலையின் கடைசியில் சின்ன நிலம் ஒன்றை வாங்கினோம். பழைய சொந்தக்காரர் கொட்டகையோடு சேர்த்து டிராக்டரையும் விட்டுவிட்டுப் போனார். "ஓடும். ஆனா அதுக்கு மனசு வரணும்" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு முன் உலு திராம் என்ற ஊரில் இருந்தோம். நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்த்தேன். என் கணவர் லாரி ஓட்டினார். ஒரு விபத்தில் அவருடைய இடது முழங்கால் நொறுங்கியது. தட்டு வைத்து ஒட்டினார்கள். நடக்க முடிந்தது, ஆனால் கிளச்சை அழுத்த முடியவில்லை. அடுத்த வருடமே என் தொழிற்சாலையும் மூடப்பட்டது. இரண்டு பேரும் வீட்டில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில்தான் நிலம் வாங்கும் யோசனை வந்தது.

ஆக, டிராக்டர் ஓட்டுவது என் வேலையாயிற்று. வெட்டிய செம்பனைக் குலைகளை டிரெய்லரில் ஏற்றி, பெரிய சாலையோரம் இருக்கும் கொள்முதல் மேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஓட்டுவதில் எனக்குப் பயமே இருக்கவில்லை. காலையில் அதை ஸ்டார்ட் செய்வதுதான் பெரும்பாடு.

வெயில் காலத்தில் கொஞ்சம் முனகிவிட்டுக் கிளம்பிவிடும். இரவு முழுக்க மழை பெய்து விடிந்த காலைகளில் அது வேறு பிராணி. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் தூக்கக் கலக்கத்தில் புரள்வதுபோல் மெதுவாகச் சுற்றும். புகைக்குழாயிலிருந்து வெள்ளைப் புகை சோம்பலாக வெளியே வரும். டீசல் வாடை கொட்டகை முழுக்க நிறையும். என்ஜின் மட்டும் பிடிக்காது.

அதற்கு என் கணவரிடம் ஒரு வைத்தியம் இருந்தது. என் கொழுந்தன் சிங்கப்பூரில் மின்தூக்கிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறான். வாரக் கடைசியில் வரும்போதெல்லாம் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே டப்பாக்களை வாங்கி வருவான். காற்று போகும் குழாயில் அதை ஒரு பீய்ச்சு பீய்ச்சினால் போதும், அடுத்த திருப்பில் "டணார்" என்று ஒரு சத்தம் கிளம்பும். இரும்புக்குள் யாரோ சம்மட்டியால் அடித்தது மாதிரி இருக்கும். அதற்குப் பிறகு என்ஜின் ஓடும்.

"இந்தச் சத்தம் நல்லதுக்கில்லங்க" என்பேன்.

"அதுக்கு அது காலைக் கோப்பி மாதிரி லா. குடிச்சாதான் எழுந்திரிக்கும்" என்பார்.

நாளாக ஆக, ஒரு பீய்ச்சு போதாமல் இரண்டு தேவைப்பட்டது. ஒரு ஈரக் காலையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகப் பீய்ச்சிவிட்டார். நான் சாவியைத் திருப்பினேன். டணார் என்ற சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்டது, கல் உடைவதுபோல. ஸ்டார்ட்டர் வெறுமனே ஊளையிட்டது. என்ஜின் அசையவில்லை. முந்தின நாள் வெட்டிய குலைகள் டிரெய்லரில் கிடந்தன. பக்கத்து நிலத்துக்காரரின் லாரி வந்து எடுத்துப் போவதற்குள் பாதி பழங்கள் உதிர்ந்துபோயின.

ஸ்டார்ட்டரைக் கழற்றி யோங் பெங்கில் ஒரு கடைக்குக் கொண்டு போனோம். பழைய மோட்டார்களுக்கு மறுபடி கம்பி சுற்றித் தரும் கடை அது. நடத்துகிறவர் ஒரு சீனப் பெண்மணி, என் வயது இருக்கும். உடைந்த முன்பகுதியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, மலாயில் கேட்டார்:

"ஸ்பிரே அடிச்சீங்களா?"

நான் தலையாட்டினேன்.

"நேரங்காலம் இல்லாம வெடிச்சு, என்ஜின் திருப்பி உதைச்சிருக்கு. ஸ்டார்ட்டர் மூக்கு போயிடுச்சி. இந்த மாதிரி என்ஜினுக்கு ஸ்பிரேயே தேவையில்லையே. ஹீட்டர் வேலை செய்யுதா?"

"ஹீட்டரா?" என் கணவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம ஊரு வெயிலுக்கா?"

அந்தப் பெண்மணியும் சிரித்தார். அவருக்கு வேறு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனசு அதிலேயே இருந்தது. தொழிற்சாலையில் ஒரு மின்சுற்றுப் பலகை சோதனையில் தோற்றால், எங்கே தோற்றது என்று கண்டுபிடிக்காமல் அதன் மேல் எதையும் செய்ய விடமாட்டார்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் எனக்குள் ஊறிப்போயிருந்தது. அன்றிரவு சாப்பிடும்போது சொன்னேன்:

"ஸ்டார்ட்டர் திரும்பி வந்ததும் ஸ்பிரேய தொடக் கூடாது. ஏன் ஸ்டார்ட் ஆகலன்னு பாக்கலாம். ஒன்னு ஒன்னா."

"பேட்டரி, வயரு, ஃபில்டரு, எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடலாம். முடிஞ்சிச்சி."

"அப்படி மாத்தினா எதனால சரியாச்சின்னு தெரியாது. மறுபடி கெட்டா மறுபடி எல்லாத்தையும் மாத்தணும்."

அவருக்குக் கோபம் வந்தது. லாரியோடு பாதி வாழ்க்கையைக் கழித்தவர். ரோட்டோரத்தில் நின்றுகொண்டு ஒன்று ஒன்றாகப் பார்க்க அவருக்கு என்றைக்கும் நேரம் கிடைத்ததில்லை. "இது பெக்டரி இல்ல" என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனார். ஆனால் மறுநாள் காலையில் ஸ்பானர்களையும் கம்பித் தூரிகையையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னாலேயே கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. குளிர்ந்த என்ஜின் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். ஒரு தடவை ஓடிவிட்டால் சூடாகிவிடும். சூடான என்ஜின் எதைச் செய்தாலும் ஸ்டார்ட் ஆகும், எதையும் நிரூபிக்காது. எதை மாற்றினாலும் அது பலித்ததா என்று அறிய மறுநாள் காலை வரை, சில சமயம் மறுமழை வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இந்தக் காத்திருப்பு எங்கள் இருவருக்கும் புதிது. சாயங்காலம் மேகம் கூடினால், மழை வந்தால் நல்லது என்று நினைக்கத் தொடங்கினோம்.

ஸ்டார்ட்டர் சரியாகி வந்து மாட்டியதும், முதலில் கேபிள்களைப் பார்த்தோம். நான் சாவியைத் திருப்ப, அவர் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தார். பேட்டரியிலிருந்து டிராக்டரின் இரும்பு உடலுக்குப் போகும் எர்த் கேபிளின் முனையைத் தொட்டவர், "அலமாக்!" என்று கையை உதறினார். கொதித்தது. கழற்றிப் பார்த்தால் அடியில் பெயிண்டும் துருவும் ஒரு தோசைக் கனத்துக்கு இருந்தன. ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய சக்தியில் பாதியை அந்தத் துருவே தின்றுகொண்டிருந்திருக்கிறது. இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, தடித்த கேபிள் போட்டு முடுக்கினோம். மறுநாள் ஸ்டார்ட்டர் சுற்றிய வேகத்தைக் கேட்டு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்ஜின் பிடித்தது, ஆனால் ரொம்ப நேரம் இருமிய பிறகுதான்.

அடுத்தது டீசல். தினமும் காலையில் பம்ப்பில் இருக்கும் சின்னக் கைப்பிடியை நான் பல முறை அழுத்த வேண்டியிருந்தது. இரவில் குழாயிலிருந்த டீசல் தொட்டிக்கே இறங்கிப் போய்விடுகிறது என்று புரிந்தது. எங்கோ காற்று புகுகிறது. ஆனால் எங்கும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. டீசல் வெளியே வராத இடைவெளி வழியாகக்கூடக் காற்று உள்ளே போகும் என்பது எங்களுக்குப் பிடிபட ஒரு வாரம் ஆயிற்று. ஃபில்டர் மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து விறைத்திருந்தது. அதையும், அதன் போல்ட்டுக்கு அடியிலிருந்த செம்பு வளையங்களையும் மாற்றினோம். கைப்பிடியை அழுத்தும் வேலை அதோடு நின்றது.

அப்படியும் ஈரக் காலைகளில் அது தடுமாறியது. பிறகுதான் அந்தப் பெண்மணி கேட்டது நினைவுக்கு வந்து, டார்ச் அடித்துக்கொண்டு தேடினேன். என்ஜினுக்குள் காற்று போகும் குழாயில், ஒரு பெரிய போல்ட் எதற்கென்று தெரியாமல் முடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வெட்டி விடப்பட்ட ஒரு ஒயர். எப்போதோ யாரோ ஹீட்டரைப் பிடுங்கிவிட்டு, ஓட்டையை அந்தப் போல்ட்டால் அடைத்திருக்கிறார்கள்.

"அங்கதான் இருந்திருக்கு" என்றேன்.

அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இந்த ஊருல எதுக்குன்னுதான் நானும் பிடுங்கியிருப்பேன்" என்றார்.

புது என்ஜினாக இருந்திருந்தால் இந்த ஊரில் அது தேவைப்பட்டிருக்காது. எங்களுடையது தேய்ந்த என்ஜின். பிஸ்டன் காற்றை அழுத்தும்போது வரும் சூட்டில்தான் டீசல் தீப்பற்ற வேண்டும். தேய்ந்துபோன பிஸ்டன் காற்றைக் கசியவிடும், சூடு போதாது. மழை இரவில் குளிர்ந்துபோன இரும்பு இருக்கிற சூட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். ஹீட்டர் சின்ன வேலைதான் செய்கிறது: ஒரு கம்பிச்சுருள் சிவந்து, அதன் மேல் சொட்டும் கொஞ்சம் டீசல் எரிந்து, உள்ளே போகும் காற்றை முன்கூட்டியே சூடாக்குகிறது.

பழைய பாகங்கள் விற்கும் கடை ஒன்றில் பொருத்தமான ஹீட்டர் கிடைத்தது. என் கணவர் அதை மாட்டி, டேஷ்போர்டில் ஒரு பொத்தானும் வைத்துக்கொடுத்தார். அன்றிரவு நல்ல மழை. காலையில் நான் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்திப் பிடித்தேன். நிதானமாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். குழாய்க்குள் லேசாக ஏதோ பொரிவது கேட்டது. சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் இரண்டு சுற்றுச் சுற்றியதோ இல்லையோ, என்ஜின் பிடித்துக்கொண்டு சீராக ஓடியது. சம்மட்டிச் சத்தம் இல்லை. வெள்ளைப் புகைகூடக் கொஞ்சம்தான்.

அவர் என்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு "நாளைக்கும் பாக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஆண்டு இறுதி மழை எல்லோருக்கும் நினைவிருக்கும் மழை. விடாமல் பெய்தது. ஆறு ஏறி, எங்கள் மண்சாலை பெரிய சாலையில் சேருவதற்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் நின்றது. கார் போகாது, மோட்டார் சைக்கிளும் போகாது. எங்கள் வரிசையில் இருந்தது சில வீடுகள்தான். அரிசி இருந்தது, முட்டை இருந்தது, வெள்ளம் வடியும்வரை இருந்துவிடலாம் என்று இருந்தோம். வாரக் கடைசிக்கு வந்த கொழுந்தனும் எங்களோடு மாட்டிக்கொண்டான்.

எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர் மலாய்ப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆசிரியரை மலாயில் கூப்பிடுவதுபோல் நாங்களும் அவரைச் 'சிக்கு' என்றே கூப்பிடுவோம். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்யவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸுக்குப் போயாக வேண்டும். வெள்ளத்தால் ஒரு முறை போக முடியாமல் போயிருந்தது.

விடிந்தும் விடியாத நேரத்தில் அவர் மனைவி குடையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். நான் அவரை 'மாக்சிக்' என்பேன், மலாயில் அத்தை மாதிரி. புடவைத்தலைப்பைப் பிடிப்பதுபோல் தலைத்துணியைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்திருந்தார்.

"மூச்சு வாங்குது அவருக்கு. காலு வீங்கிப்போச்சி. ஆம்புலன்ஸ் பெரிய ரோடு வரைக்கும் வருமாம், உள்ள வர முடியாதாம். படகு எப்ப வரும்னு தெரியலைங்கிறாங்க." அதை மலாயில் சொல்லி முடிக்கும்போதே அவர் கண் கொட்டகைப் பக்கம் போனது.

கொழுந்தன் எனக்கு முன்னால் கொட்டகைக்கு ஓடிவிட்டான். நான் போய்ச் சேரும்போது அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய ஸ்பிரே டப்பாவைக் கையில் எடுத்து வைத்திருந்தான்.

"அண்ணி, ரிஸ்க் எடுக்க வேணாம். ஒரு அடி அடிச்சிடுறேன், உடனே எடுத்துக்கும்."

நான் ஏறி உட்கார்ந்து பொத்தானை அழுத்தியிருந்தேன். "வேணாம். ஹீட்டர் எரியுது. அடிச்சீன்னா குழாயிலேயே வெடிக்கும்."

"அப்ப ஹீட்டர விடுங்க. ஸ்பிரே கண்டிப்பா வேலை செய்யும்."

மாக்சிக் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பொத்தானை விட்டுவிட்டு அவசரமாகச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் வேகமாகத்தான் சுற்றியது. வெள்ளைப் புகை வந்தது. பிடிக்கவில்லை.

"சொன்னேன்ல!" என்று கொழுந்தன் காற்றுக் குழாயை நோக்கி இரண்டடி வைத்தான்.

அப்போதுதான் என் கணவர் ஊன்றுகோலோடு உள்ளே வந்தார். அண்ணனும் தம்பியும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டினார். "இங்க குடு." டப்பாவை வாங்கித் தன் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், தினமும் பேசுவதைவிட மெதுவான குரலில், "நீ அவசரப்பட்டுட்ட. சூடு பத்தல. மறுபடி அழுத்து. நான் சொல்ற வரைக்கும் விடாத" என்றார்.

அழுத்தினேன். மழை தகரத்தின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் காது குழாயருகே இருந்தது. கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீண்டது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. குழாய்க்குள் பொரியும் சத்தம் வந்தது. அதற்குப் பிறகும் அவர் கையை உயர்த்தியபடியே வைத்திருந்தார். கடைசியில் கையை இறக்கினார்.

"இப்ப."

திருப்பினேன். என்ஜின் பிடித்தது. ஒரு சிலிண்டர் முதலில், பிறகு மற்றவை, பிறகு எல்லாம் ஒன்றாக.

சிக்குவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியை டிரெய்லரோடு கயிற்றால் கட்டினோம். மாக்சிக் அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். என் கணவர் அவர்களோடு ஏறிக்கொண்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தண்ணீருக்குள் சாலையின் விளிம்பு எங்கே முடிகிறது, சாக்கடை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. கொழுந்தன் ஒரு நீண்ட மூங்கிலை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் தரையைக் குத்திக் குத்திப் பார்த்து, "இப்படி வாங்க அண்ணி, இன்னும் இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிக்கொண்டே நடந்தான்.

முதல் கியரில், வேகத்தைக் கூட்டாமல் குறைக்காமல், அவன் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். நடுவில் என்ஜின் நின்றால் அங்கேயே நிற்க வேண்டியதுதான். தண்ணீர் காலடிப் பலகை வரை ஏறியது. செம்பனை மட்டைகளும் ஒரு ரப்பர்ச் செருப்பும் மிதந்து போயின. பின்னாலிருந்து சிக்கு ஏதோ சொன்னார். என் கணவர் சத்தமாகச் சிரித்தார். அந்த நேரத்தில் சிரிக்க என்ன இருந்தது என்று பிறகு கேட்டேன். பள்ளிக்கூடத்தில் ஊர்வலத்துக்கு அலங்கார வண்டியில் உட்கார்ந்து போகும் மாணவர்களைப் பார்க்கும்போதெல்லாம், தனக்கும் ஒரு நாள் அப்படிப் போக வேண்டும் என்று ஆசையாக இருக்குமாம் சிக்குவுக்கு.

பெரிய சாலையில் ஆம்புலன்ஸ் விளக்கைச் சுழற்றிக்கொண்டு நின்றது. அவரை இறக்கி ஏற்றும்வரை நான் என்ஜினை நிறுத்தவில்லை. மாக்சிக் ஏறுவதற்கு முன் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கையெல்லாம் கிரீஸ் என்று சொன்னேன். அவர் விடவில்லை.

சிக்கு பிழைத்துக்கொண்டார். இன்னும் சில மணி நேரம் தாமதமாகியிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்களாம். வெள்ளம் வடியும்வரை அந்த டிராக்டரில் பால் பவுடரும் சமையல் கேஸ் தோம்பும் குடிதண்ணீரும் போய் வந்தன. ஒவ்வொரு காலையும் கொழுந்தன்தான் பொத்தானை அழுத்தினான். எனக்கு இடம் விடாமல் போட்டி போட்டுக்கொண்டு அழுத்தினான். வெள்ளம் வடிந்து சாலை திறந்ததும் சிங்கப்பூர் திரும்பினான். அதன் பிறகு ஸ்பிரே டப்பா எதுவும் வாங்கி வரவில்லை.

மழை ஓய்ந்த பிறகு என் கணவருக்கு ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. சுற்றுவட்டாரத்தில் காலையில் எழாத பழைய டிராக்டர்கள் நிறைய இருந்தன. யாராவது கூப்பிட்டால் நான் அவரைக் காரில் கொண்டுபோய் விடுவேன். போனதும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, "இன்னிக்கு ஸ்டார்ட் பண்ணாதீங்க. அது நல்லா ஆறட்டும், நாளைக்குக் காலையில வரேன்" என்பதுதான். சிலருக்கு எரிச்சல் வரும். இவர் அசைய மாட்டார். முழங்கால் போன பிறகு யாராவது தன்னைத் தேடி வருவது அவருக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பது, அவர் காலையில் தலை சீவிக்கொள்ளும் விதத்தில் எனக்குத் தெரிந்தது.

சிக்குவும் மாக்சிக்கும் அடுத்த மழைக்குக் காத்திருக்கவில்லை. டயாலிசிஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். புறப்பட்ட அன்று வெயில் நன்றாக அடித்தது. மருமகனின் கார் வந்து நின்றது. வீட்டை விற்க மனமில்லை என்றார் மாக்சிக். பூட்டியே கிடந்தால் சுவரெல்லாம் பூசணம் பிடித்துவிடும், அவ்வப்போது ஜன்னல்களைத் திறந்து வைக்க முடியுமா என்று கேட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார்.

இப்போதும் குலை வெட்டாத நாட்களில் போய்த் திறந்து வைக்கிறேன். கூடத்தில் சிக்குவின் பழைய மாணவர்கள் வரிசையாக நிற்கும் புகைப்படங்கள் இருக்கின்றன. காற்று வந்தால் அவை சுவரில் லேசாக ஆடும். சாயங்காலம் போய், மழைக்கு முன்னால் மூடிவிட்டு வருகிறேன்.